பாய்தல்: ஒரு வினைச்சொல்லின் பொருளும் பிறப்பும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழில் ‘பாய்’ என்னும் வினை தாவுதல், விரைந்தோடுதல், நீர் ஒழுகுதல், படைக்கலம் ஊடுருவுதல், நீரிலோ நெருப்பிலோ விழுதல் எனப் பல பொருள்களில் வழங்குகிறது. அகராதிகள் இவற்றைத் தனித்தனிப் பொருள்களாக அடுக்கித் தருகின்றன. இவை யாவும் ஒரே அடிப்படைப் பொருளின் விரிவுகள் என்பதை உள்மொழி வழக்காலும் கன்னடம், மலையாளம் ஆகிய உறவுமொழிகளின் சான்றுகளாலும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அவ்வடிப்படைப் பொருளைக் கொண்டு ‘தீப்பாய்தல்’ என்னும் தொடரை எவ்வாறு படிக்க வேண்டும் என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பாய், பாய்த்து, பாய்ச்சு, தாவு, குதி, தீப்பாய்தல், சொற்பிறப்பியல்

முன்னுரை

ஒரு சொல்லுக்குப் பல பொருள் காணப்படும்போது, அவை ஒரு வேரிலிருந்து கிளைத்தவையா, வெவ்வேறு சொற்கள் ஒலியொப்புமையால் ஒன்றுபோல் தோன்றுகின்றனவா என்பது சொற்பிறப்பியலின் முதல் வினாவாகும். ‘பாய்’ என்னும் சொல் இவ்வினாவின் இரு பக்கங்களையும் காட்டுகிறது. புலி பாய்கிறது, வாய்க்காலில் நீர் பாய்கிறது, மார்பில் வேல் பாய்கிறது, தரையில் பாய் விரிக்கப்படுகிறது, கப்பலில் பாய் ஏற்றப்படுகிறது. முதல் மூன்றும் வினை. பின் இரண்டும் பெயர். வினைக்குள் பொருளொருமை உண்டா என்பதும், வினைக்கும் பெயருக்கும் உறவு உண்டா என்பதும் தனித்தனியே ஆராயத்தக்கவை.

இவ்வாராய்ச்சி அகராதிப் பதிவைத் திருத்தும் அளவில் நின்றுவிடுவதன்று. கணவனோடு இறந்த பெண்டிரைப் பற்றிய தமிழ்ச் சான்றுகளில் இவ்வினை இடம்பெறுகிறது. அங்கு இதற்குக் கொள்ளும் பொருள், வரலாற்று முடிவையே மாற்ற வல்லது.

1. பொருட்புலமும் எல்லைகளும்

தமிழில் தாவுதலைச் சுட்டும் வினைகள் பல. குதி, தாவு, துள், உகள், தத்து, தாண்டு, பாய் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இவற்றை ஒருபொருட் கிளவிகளாகக் கொள்வது பொதுவழக்கு. ஆயினும் எந்த எழுவாய் எந்த வினையை ஏற்கும், எந்த வேற்றுமையோடு அவ்வினை வரும் என்று நோக்கினால் வேறுபாடு புலப்படும்.

‘குதி’ என்பது காலோடு பிணைந்த வினை. அவ்வடிவமே குதிகாலையும் குறிக்கிறது. மேலெழுந்து கீழிறங்கும் அசைவே அதன் மையம். இருந்த இடத்திலேயே குதிக்கலாம். திருக்குறள் 269ஆம் பாடலில் கூற்றத்தைக் கடத்தல் என்ற பொருளில் ‘குதித்தல்’ வருவதால், கடத்தற்பொருளும் அச்சொல்லுக்குப் பழமையாகவே உண்டு. எனினும் அது விரிந்த பொருளேயன்றி மையப்பொருள் அன்று.

‘தாவு’ என்பது ஒரு பற்றிடத்திலிருந்து மற்றொரு பற்றிடத்துக்கு இடைவெளியைக் கடத்தல். குரங்கு கிளைவிட்டுக் கிளை தாவுகிறது. அனுமன் மகேந்திர மலையிலிருந்து இலங்கைக்குச் செல்லும் பகுதியைக் கம்பராமாயணப் பதிப்புகள் ‘கடல் தாவு படலம்’ என வழங்குவது இப்பொருளுக்கு முழுதும் பொருந்துகிறது. திருமால் உலகளந்த செய்தியைச் சொல்லும் திருக்குறள் 610ஆம் பாடலின் ‘தாஅயது’ என்னும் வடிவமும் இவ்வினையைச் சேர்ந்ததே. அங்கும் ஓரடிக்கும் மறுவடிக்கும் இடைப்பட்ட பரப்பே கடக்கப்படுகிறது.

‘துள்’ சிறு அசைவையும், ‘உகள்’ விளையாட்டுத் தன்மையையும் முதன்மைப்படுத்துகின்றன. சங்கப்பாடல்களில் மறிகளும் மீன்களும் உகள்வன. உகளும் விலங்குக்கு இலக்கு எதுவும் இல்லை. உகளுதலே அதன் நோக்கம்.

‘பாய்’ இவை அனைத்திலிருந்தும் வேறுபடுகிறது. அதற்கு இன்றியமையாதது இலக்கு. ‘புலி பதுங்குவது பாய்வதற்கே’ என்னும் பழமொழியில் பதுங்குதல் இலக்கைக் குறிவைத்தலாகிறது. ‘தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும்’ என்னும் பழமொழி பாய்ச்சலை உயரத்தால் அளக்காமல் தொலைவால் அளக்கிறது. மேலும் ‘பாய்’ வினைக்குக் கால் தேவையில்லை. அம்பு, வேல், நீர், ஒளி ஆகிய யாவும் பாயும். வயலில் நீர் தாவியது என்றோ, மார்பில் அம்பு குதித்தது என்றோ தமிழில் வழங்குவதில்லை. ஆகவே ‘பாய்’ என்பதன் மையப்பொருள் ‘இடைப்பட்ட வெளியை விசையோடு கடந்து இலக்கினுள் செல்லுதல்’ என வரையறுக்கத் தக்கது. கடத்தல், விசை, உட்செல்லல் என்னும் மூன்று கூறுகளும் இதனுள் அடங்கும். விலங்குக்குச் சொல்லும்போது விசையும், நீருக்குச் சொல்லும்போது கடத்தலும், படைக்கலத்துக்குச் சொல்லும்போது உட்செல்லலும் மேலோங்குகின்றன.

கலித்தொகையின் முல்லைக்கலி இதற்கு நல்ல சான்று. ஏறுதழுவும் களத்தில் பாய்தல் காளைக்கு மட்டும் உரிய வினையன்று. 101ஆம் பாடலில் ஏற்றின் பார்வைக்கு அஞ்சாமல் அதன்மேல் விழும் பொதுவனுக்கும் அவ்வினையே வருகிறது. காளையோ அவனைக் குத்துகிறது. பாய்தலைச் செய்வோன் யார் என்பதைவிட, எதிர்ப்பட்ட ஒன்றை நோக்கிய விசைமிக்க நுழைவே அங்கும் பொருள்.

2. வடிவமும் சொல்லாக்கமும்

‘பாய்’ மெல்லின இடைநிலை பெற்று இறந்தகாலத்தில் ‘பாய்ந்து’ என நிற்கும். பேச்சுவழக்கில் இது ‘பாஞ்சு’ என்றாகிறது. பிறவினை வடிவம் ‘பாய்த்து’. யகரத்தை அடுத்த தகரம் அண்ணச்சாயல் பெற்றுச் சகரமாக, அது ‘பாய்ச்சு’ என மாறியது. காய்ச்சு, மேய்ச்சல் முதலிய வடிவங்களிலும் யகரத்தின் பின் சகரம் நிற்பதைக் காணலாம். ‘பாய்ச்சல்’ என்னும் தொழிற்பெயரும் இவ்வரிசையைச் சேர்ந்தது.

‘பாய்த்து’ என்பது பெயராகவும் நின்றதற்கு இலக்கண மரபே சான்று தருகிறது. நன்னூல் பொதுப்பாயிரம் சூத்திரங்களின் நிலையை ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என நான்காக வகுக்கிறது. அவற்றுள் தவளைப் பாய்த்து என்பது, ஒரு சூத்திரத்தின் பொருள் அடுத்துள்ளவற்றை விட்டு அப்பாலுள்ள சூத்திரத்தோடு சென்று இயைதல். வடமொழி இலக்கண மரபில் இதனை ஒத்த கலைச்சொல் ‘மண்டூக ப்லுதி’. கருத்து இருமொழி மரபுகளுக்கும் பொதுவாயினும், தமிழில் அதற்குத் தெரிந்தெடுக்கப்பட்ட சொல் கருதத்தக்கது. ஆற்றொழுக்கு இடையறாமல் அடுத்ததோடு தொடர்வது. பாய்த்து இடையிலுள்ளதைக் கடந்து குறித்த இடத்தில் சேர்வது. முற்பகுதியில் வரையறுத்த மையப்பொருள் இக்கலைச்சொல்லில் தெளிவாக நிற்கிறது.

தன்வினை, பிறவினை வேறுபாடு வேளாண்மை வழக்கில் நிலைபெற்றது. நீர் பாய்கிறது, உழவர் நீர் பாய்ச்சுகிறார். இடைக்காலக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் வாய்க்கால் உரிமை, நில எல்லை ஆகியவற்றைக் குறிக்கும் இடங்களில் இவ்வினை இரு வடிவிலும் பயில்கிறது. தன்வினை வடிவம் நீரின் இயல்பான போக்கைச் சுட்டும். பிறவினை வடிவம் நீரைக் கொண்டுசெல்லும் மனித உரிமையைச் சுட்டும். இவ்வேறுபாடு பின்வரும் ஆய்வுக்கும் துணையாகும்.

3. உறவுமொழிச் சான்றுகள்

தமிழில் ஊகித்த மையப்பொருளை உறவுமொழிகள் உறுதிசெய்கின்றன. மலையாளத்தில் ‘பாயுக’ என்பது விரைந்தோடுதலைக் குறிக்கிறது. குதித்தலுக்கு அங்கு இயல்பான சொல் ‘சாடுக’. மலையிலிருந்து திடீரெனப் பெருகிவரும் வெள்ளத்தை ‘மலவெள்ளப்பாச்சில்’ என்பர். தாவுதற்பொருள் பின்தள்ளப்பட்டு விசையும் கடத்தலும் முன்னிற்பதை இங்குக் காணலாம்.

கன்னடச் சான்று இன்னும் செறிவானது. பழங்கன்னடத்தில் ‘பாய்’ என நின்ற வினை, மொழிமுதல் பகரம் ஹகரமாகும் ஒலிமாற்றத்தால் ‘ஹாய்’ என்றாயிற்று. இம்மாற்றம் ஏறத்தாழப் பத்தாம் நூற்றாண்டு முதல் கன்னடத்தில் பரவியது. இன்றைய கன்னடத்தில் எருது முட்டுவதும், ஆற்றைக் கடப்பதும் இவ்வினையால் குறிக்கப்படுகின்றன. ‘நீரு ஹாயிசு’ என்பது தமிழின் ‘நீர் பாய்ச்சு’ என்பதற்கு உருபனுக்கு உருபன் நிகரானது. தென்கர்நாடகக் கோயில் விழாக்களில் நெருப்புக்குழியைக் கடந்து செல்லும் நேர்த்திக்கடன் ‘கொண்ட ஹாயுவுது’ எனப்படுகிறது. ‘கொண்ட’ என்பது நெருப்புக்குழி.

முட்டுதல், கடத்தல், நீர்செலுத்தல் ஆகிய மூன்றும் ஒரே வினையில் இரு மொழிகளிலும் இணைந்து நிற்பது தற்செயலாக இருத்தல் அரிது. இம்மொழிகள் பிரிவதற்கு முன்பே ‘பாய்’ இப்பொருட்பரப்பைப் பெற்றிருந்தது எனக் கொள்வதே பொருந்தும். தாவுதல் முதற்பொருள் என்றும் ஏனையவை உருவகத்தால் பின்னர் வந்தவை என்றும் கருதினால், ஒரே உருவக வரிசை ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியே நிகழ்ந்ததாகக் கொள்ள நேரும். விசையோடு கடத்தல் முதற்பொருள் எனின் அத்தகைய ஊகத்துக்குத் தேவையில்லை.

தெலுங்கில் நீர் ஓடுதலைக் குறிக்கும் ‘பாரு’ என்பதை இதனோடு இணைப்பது தவறு. பழந்தெலுங்கில் அது வல்லின றகரம் பெற்ற வடிவம். தமிழில் அதற்கு இனமாவது ஓடுதல், சிதறுதல் என்னும் பொருளுடைய ‘பாறு’. பொருள் நெருக்கம் மட்டுமே இனவுறவுக்குச் சான்றாகாது.

4. பாய் என்னும் பெயர்

கோரை, ஓலை முதலியவற்றால் முடையப்படும் பாய்க்கும் பாய்தல் வினைக்கும் உறவுண்டா? பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இவற்றைத் தனித்தனிப் பதிவுகளாகவே வைக்கிறது. பரவுதல் என்னும் பொருளால் இரண்டையும் ஒன்றாக்கும் கருத்தும் தமிழ் வேர்ச்சொல் ஆய்வில் உண்டு. ஆயின் ‘பாய்’ வினையின் மையத்தில் இருப்பது விசையும் திசையும், பரவுதல் திசையற்றது. வயலில் நீர் பாய்ந்தபின் பரவுகிறது என்னும் வழக்கே இரண்டும் வேறு நிகழ்வுகள் என்பதைக் காட்டுகிறது.

கப்பற்பாய் முடைந்த பாயின் பெயரிலிருந்தே வந்தது. புறநானூற்றின் 30ஆம் பாடல் கூம்போடு ‘மீப்பாய்’ என்பதையும் குறிக்கிறது. மேலே கட்டப்பட்ட பாய் என்பது அதன் பொருள். விரைந்து பாய்ந்து செல்வதால் பாய்மரக்கப்பல் என்று பெயர் பெற்றது என்னும் விளக்கம், ஒலியொப்புமையால் எழுந்த பாமரச் சொற்பிறப்பே. குதிரையைக் குறிக்கும் ‘பாய்மா’ என்பதோ வினைத்தொகை. அது பாய்தல் வினையைச் சேர்ந்தது. தோற்றத்தில் ஒத்த ‘பாய்மரம்’, ‘பாய்மா’ ஆகியவற்றின் முதற்கூறுகள் வெவ்வேறு சொற்கள்.

5. புனல் பாய்தலும் தீப்பாய்தலும்

‘பாய்’ வினை மனிதரை எழுவாயாகக் கொண்டு நீரிலும் நெருப்பிலும் நிகழும் இடங்கள் தனிக்கவனத்துக்குரியவை. புறநானூறு 243ஆம் பாடலில் தொடித்தலை விழுத்தண்டினார் தம் இளமையை நினைவுகூர்கிறார். மரக்கிளையிலிருந்து ஆழ்ந்த நீரில் ஓசையெழப் பாய்ந்து, அடியிலிருந்து மணலை அள்ளிவந்த பருவம் அது. பாய்ந்தவன் மூழ்கி, மணலோடு வெளிவருகிறான். பாய்தல் இங்கு மகிழ்ச்சிக்குரிய செயல்.

அதே தொகையில் மூன்று பாடல்களுக்குப் பின், 246ஆம் பாடலைப் பாடியவர் பூதபாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு. அப்பாடலின் அடிக்குறிப்பு அவரைத் ‘தீப்பாய்வாள்’ எனச் சுட்டுகிறது. ஆயின் பாடலுக்குள் பாய்தல் வினை இல்லை. தம்மைத் தடுக்கும் சான்றோரை விளித்து, நெய்யற்ற உணவும் கல்படுக்கையும் கொண்ட கைம்மை வாழ்வைத் தாம் ஏற்பதில்லை என்றும், கணவன் இறந்தபின் தாமரைப் பொய்கையும் ஈமத்தீயும் தமக்கு ஒன்றே என்றும் அவர் கூறுகிறார். பாடலில் ‘பாய்’ என்னும் வடிவம் ஒருமுறை வருகிறது, அது பெயர். கைம்பெண்டிர் பாயின்றிக் கிடக்கும் கற்படுக்கையைப் பற்றிய இடம் அது. ஒலியொத்த இரு சொற்களில் ஒன்று பாடலிலும் மற்றொன்று அடிக்குறிப்பிலும் நிற்கின்றன.

எனவே தேவியின் செயலைப் பாய்தல் எனப் பெயரிட்டவர் அடிக்குறிப்பை எழுதியவரே. இப்பெயரீடு ஏனைய சான்றுகளோடு ஒப்பிடத்தக்கது. கணவனோடு எரியில் இறத்தலைத் தொல்காப்பியப் புறத்திணையியல் ‘புகு’ என்னும் வினையால் குறிக்கிறது. முதலாம் இராசராசனின் தாய் வானவன்மாதேவியைப் பற்றிய திருக்கோவலூர்க் கல்வெட்டு, அவர் பால்குடி மகவைப் பிரிந்தும் எரியின் நடுவிலும் கணவனைப் பிரியாதிருந்ததாகச் சொல்கிறது. அங்கு மையமாவது பிரிதலும் பிரியாமையும். புகுதல் அமைதியான நுழைவு. பிரியாமை உறவின் தொடர்ச்சி. பாய்தல் விசைமிக்க, தன்செயலான நுழைவு. ஒரே வகை நிகழ்ச்சியை மூன்று சொல்லாட்சிகள் மூன்று கோணத்தில் காட்டுகின்றன.

அடிக்குறிப்பு ஏன் பாய்தலைத் தெரிந்துகொண்டது? பாடலே ஒரு விடையைத் தருவதாகக் கருத இடமுண்டு. பொய்கையும் தீயும் ஒன்று எனத் தேவி கூறுகிறார். பொய்கையில் நிகழ்வது பாய்தல் என்பதை 243ஆம் பாடலின் வழக்கு காட்டுகிறது. நீருக்குரிய வினை தீக்கு ஏற்றப்படும்போது பாடலின் ஒப்புமை ஒரே சொல்லில் சுருங்குகிறது. அகத்திணை உரைமரபிலும் இதனையொத்த போக்கு உண்டு. குறுந்தொகை 17ஆம் பாடல் காமம் முதிர்ந்தவர் ‘பிறிதும்’ ஆவர் என்று மட்டும் குறிப்பாகச் சொல்ல, உரைகாரர் அதனை ‘வரைபாய்தல்’ என வெளிப்படுத்தினர். பாடல்கள் பெயரிடாமல் விட்ட இறப்பை, விளக்கமரபு ‘பாய்’ வினையால் பெயரிட்டது.

பிற்காலத்தில் ‘தீப்பாய்ந்த’ என்னும் பெயரெச்சம் வழிபாட்டுப் பெயராகவும் ஆயிற்று. ஊர்ப்புறத் தெய்வங்கள் தீப்பாய்ந்த அம்மன், தீப்பாஞ்சம்மன் என வழங்கப்படுகின்றன. நிகழ்ச்சியைக் குறிக்கும் மரபுத்தொடர் ‘தீப்பாய்தல்’ என்பதேயன்றித் ‘தீப்பாய்ச்சுதல்’ என்பதன்று. இலக்கண வடிவம் இறந்த பெண்ணையே வினைமுதலாக்குகிறது. உறவினர், ஊரார், அரசு, வழக்கம் ஆகியவற்றின் பங்கு எதுவும் இவ்வடிவத்தில் இடம்பெற வழியில்லை. ஆகவே தீப்பாய்ந்தாள் என்னும் சொல்லாட்சியைக் கொண்டு அவள் தன்விருப்பத்தால் இறந்தாள் என முடிவுசெய்தல், வினையின் இலக்கணத்தை வரலாற்றுச் சான்றாக மயங்குவதாகும். 246ஆம் பாடலில் விருப்பத்துக்குச் சான்றாவது பாடலின் வாதமும் தடுக்கும் சான்றோரின் இருப்புமே. அடிக்குறிப்பின் வினை அன்று. பாடல் இல்லாத இடத்தில், தெய்வப் பெயர் மட்டும் எஞ்சிய ஊரில், அத்தகைய முடிவுக்கு அடிப்படை இல்லை.

இறத்தற்பொருளும் தொடரின் உள்ளார்ந்த கூறு அன்று. கன்னடத்தில் கொண்ட ஹாய்பவர் மறுகரையில் உயிரோடு வெளிவருகிறார். ஈழத்தின் மட்டக்களப்பு வட்டாரத்தில் திரௌபதியம்மன் விழாவின் தீமிதிப்பைத் தீப்பாய்தல் எனச் சொல்லும் வழக்கும் உண்டு. தமிழகத்தில் அதே சடங்குக்குத் தீமிதி, பூமிதி, பூக்குழி இறங்குதல் என்னும் பெயர்களே பெருவழக்கு. ஓரிடத்தில் இறப்பையும் மற்றோரிடத்தில் நேர்த்திக்கடனையும் ஒரே தொடர் குறிப்பதற்குக் காரணம், ‘பாய்’ உட்செல்லும் விசையை மட்டுமே சொல்வதாகும். வெளிவருதல் உண்டா என்பதைச் சூழலே சொல்ல வேண்டும். தெய்வப் பெயரில் உள்ள ‘தீப்பாய்ந்த’ என்பதைக் கண்டவுடன் உடன்கட்டை நிகழ்ச்சியென உறுதிசெய்வதற்கு முன் கதைமரபு, நடுகல், வழிபாட்டுமுறை ஆகிய பிற சான்றுகள் தேவை.

6. இக்கால வழக்கு

மையப்பொருள் இன்றும் ஆக்கவன்மையோடு உள்ளது. மின்சாரம் பாய்கிறது, குண்டு பாய்கிறது, செய்தித்தாள் வழக்கில் ஒருவர்மீது சட்டமும் பாய்கிறது. அறிவியல் தமிழ் இவ்வினையிலிருந்து பாய்மம், பாய்வு, காந்தப் பாயம் முதலிய கலைச்சொற்களை ஆக்கிக்கொண்டது. ஒழுகும் தன்மையுடைய பொருளும், ஒரு பரப்பை ஊடுருவிச் செல்லும் காந்தப்புல அளவும் ஒரே வேரால் பெயர்பெற முடிந்தது. கடத்தலும் ஊடுருவலும் அவ்வேரில் முன்பே இணைந்திருந்தமையே அதற்குக் காரணம்.

முடிவுரை

‘பாய்’ என்னும் வினையின் பல பொருள்களும் ‘இடைப்பட்ட வெளியை விசையோடு கடந்து இலக்கினுள் செல்லுதல்’ என்னும் ஒரு பொருளில் அடங்குகின்றன. தாவுதல் அதன் ஒரு வெளிப்பாடு. அதன் தோற்றுவாய் அன்று. தமிழின் நீர் பாய்ச்சுதலும் கன்னடத்தின் நீரு ஹாயிசுதலும், மலையாளத்தின் வெள்ளப்பாச்சிலும் இப்பொருளின் தொன்மையைக் காட்டுகின்றன. முடைந்த பாயும் கப்பற்பாயும் வேறு சொல்லைச் சேர்ந்தவை.

தீப்பாய்தல் என்னும் தொடர் உட்செல்லும் விசையைக் குறிக்கிறது. இறப்பையோ விருப்பத்தையோ தானே மெய்ப்பிப்பதில்லை. கணவனோடு இறந்த பெண்டிர் பற்றிய சான்றுகளில் பாடல், அடிக்குறிப்பு, கல்வெட்டு, தெய்வப்பெயர் ஆகியவற்றின் சொல்லாட்சிகளை ஒன்றெனக் கலவாமல் தனித்தனியே படிக்கும்போதுதான், அப்பெண்டிரின் குரல் எங்கே ஒலிக்கிறது, அவர்களுக்காகப் பிறர் பேசியது எங்கே தொடங்குகிறது என்பதைப் பிரித்தறிய முடியும்.